ஃபேகோசைட்: விழுங்கணுவா, தின்குழியமா?

கன்னியாகுமரி மாவட்டத்தில், குலசேகரம் பக்கம் ரப்பர் வைத்திருப்பவர்களுக்கு ஆனி, ஆடி மழை ஒரு தலைவலி. புகை போட்டு நன்றாகக் காயாத ஷீட்டை அடுக்கி வைத்தால் பூத்துவிடும். கிரேடு இறங்கும், விலை போகாது. அந்தப் பூப்பைத் துடைக்கும்போது பறக்கிற தூளில் பூஞ்சை வித்துகள் இருக்கும். ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சையின் வித்து 2 முதல் 3 மைக்ரான்தான். மூச்சோடு நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போய்விடும். ஆனாலும் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆவதில்லை. வந்ததை அங்கேயே பிடித்து விழுங்கிவிடும் உயிரணுக்கள் இருக்கின்றன. அவற்றின் பெயர்தான் ஃபேகோசைட்.

சொல்லின் மூலம் கிரேக்கம். ‘ஃபாகெயின்’ என்றால் தின்னுதல், ‘கைட்டோஸ்’ என்றால் உள்ளே குழிவான கலம். 1882இல் இத்தாலியின் மெசினாவில், ரஷ்ய விலங்கியலாளர் எலி மெச்னிகோஃப் நட்சத்திர மீனின் இளவுயிரியில் ரோஜா முள்ளைக் குத்தி வைத்தார். மறுநாள் பார்த்தால் முள்ளைச் சுற்றி உயிரணுக்கள் மொய்த்திருந்தன. வியன்னாவில் இதைக் கேட்ட கார்ல் கிளவுஸ் என்ற பேராசிரியர்தான் அந்த உயிரணுக்களுக்கு இந்தக் கிரேக்கப் பெயரைச் சொன்னார்.

முள் ஒரு நோய் இல்லையே! உண்மையான நோயில் இந்தக் கருத்தை மெச்னிகோஃப் சோதித்தது டாஃப்னியா என்ற நீர்த்தெள்ளில். அதைத் தாக்கியது ஓர் ஈஸ்ட், அதாவது பூஞ்சை. அதன் ஊசி போன்ற வித்துகள் தெள்ளின் குடலைத் துளைத்துக்கொண்டு உடலுக்குள் வர, அணுக்கள் சூழ்ந்து அவற்றைச் சிதைத்தன. அணுக்கள் ஜெயித்தால் தெள்ளு பிழைத்தது. ஈஸ்ட் முந்திக்கொண்டு பெருகினால் செத்தது. 1884இல் இதை எழுதினார். 1908இல் பால் எர்லிக்கோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

சரி, வந்தது பூஞ்சை என்று அணுவுக்கு எப்படித் தெரிகிறது? பூஞ்சையின் சுவரில் பீட்டா குளுக்கான் என்ற சர்க்கரைச் சங்கிலி உண்டு. நம் உயிரணுக்களில் அது கிடையாது. அணுவின் மேலிருக்கும் டெக்டின்-1 என்ற ஏற்பி அதைத் தொட்டுக் கண்டுகொள்கிறது. பூஞ்சையும் லேசுப்பட்டதல்ல. ஆஸ்பெர்ஜில்லஸ் வித்து ஒரு புரதப் போர்வையால் அந்தச் சங்கிலியை மூடி வைத்திருக்கிறது. முளைக்க உப்பும்போதுதான் போர்வை விலகும். கேண்டிடா என்ற பூஞ்சை உருண்டையாக இருக்கும்வரை விழுங்கப்படும். சில வேளை விழுங்கிய அணுவுக்குள்ளேயே இழையாக நீண்டு, அதைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். நீண்ட இழையை நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுவால் விழுங்க முடியாது. அப்போது அது தன் டிஎன்ஏவையே வலையாக வீசுகிறது. இந்த வலை 2004இல்தான் தெரியவந்தது. கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சை இன்னும் கில்லாடி. விழுங்கிய அணுவுக்குள்ளேயே குடியிருந்து பெருகும், சமயத்தில் அணுவுக்குச் சேதமில்லாமல் வெளியேறியும் விடும்.

சர்க்கரை நோய் கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு இந்த அணுக்கள் மந்தமாகிவிடும். 2021இல் கொரோனாவுக்குப் பின் ‘கரும்பூஞ்சை’ பலரைத் தாக்கியதற்கு அதுவும் ஸ்டீராய்டு மருந்தும் முக்கியக் காரணங்கள். (அங்கே கருப்பு, பூஞ்சையின் நிறமல்ல. ரத்த ஓட்டம் அடைபட்டு செத்த சதையின் நிறம்.)

தமிழில் என்ன சொல்லலாம்? இலங்கையில் ‘தின்குழியம்’ என்பார்கள். செங்குழியம், வெண்குழியம் வரிசையில் வருவது. மூலத்துக்கு அச்சாகப் பொருந்தும்: ஃபாகெயினுக்குத் ‘தின்’, கைட்டோஸுக்குக் ‘குழியம்’. இங்கே ‘விழுங்கு செல்’ என்கிறோம். சிவப்பணு, வெள்ளையணு என்று பேசிப் பழகிய நமக்கு ‘விழுங்கணு’ இன்னும் வாட்டமாக இருக்கும். என் ஓட்டும் அதற்குத்தான். தின்றால் தீர்ந்தது என்று பொருள் வந்துவிடும். விழுங்கியது செரிக்கவும் செய்யலாம், கேண்டிடாவைப் போலத் திருப்பிக் கிழிக்கவும் செய்யலாம். ஃபேகோசைட்டில் பெரிய வகையான மேக்ரோஃபேஜ் என்பதைப் ‘பெருவிழுங்கணு’ என்றும், அணு விழுங்கும் செயலான ஃபேகோசைட்டோசிஸ் என்பதை ‘அணுவிழுங்கல்’ என்றும் எழுதலாம்.

அப்புறம், பாக்டீரியோஃபேஜில் வரும் ‘ஃபேஜ்’ வேறு கதை. அது அணுவே அல்ல, வைரஸ். பாக்டீரியாவை விழுங்காது, உள்ளே புகுந்து பெருகி, அதை உடைத்துக்கொண்டு வரும். அதற்கு இந்தப் பெயரை வைக்கக் கூடாது.