கட்டமா, கேள்விக்குறியா? இணையப் பக்கத்தில் தமிழ் சிதையும்போது முதலில் பார்க்க வேண்டியது

"தளத்தில் தமிழ் ஒழுங்காகத் தெரியவில்லை" என்று ஒருவர் சொன்னதும் கிடைக்கும் முதல் ஆலோசனை, "எழுத்துருவை நிறுவுங்கள்" என்பதுதான். பல நேரம் அந்தச் சிதைவுக்கும் எழுத்துருவுக்கும் தொடர்பே இருக்காது. சிதைந்த எழுத்து எப்படித் தெரிகிறது என்று ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தாலே கோளாறு எங்கே என்று பிடிபட்டுவிடும். வெறும் கட்டங்கள், புரியாத ஐரோப்பிய எழுத்துகள், கேள்விக்குறிகள், புள்ளிகளாலான வெற்று வட்டம் (புள்ளிவட்டம்) என நான்கு விதமாகச் சிதையும். நான்குக்கும் காரணம் வேறு, வைத்தியமும் வேறு.

கட்டங்கள் மட்டும்தான் உண்மையில் எழுத்துருப் பிரச்சினை. இன்றைய கணினிகளிலும் கைபேசிகளிலும் தமிழ் எழுத்துரு கூடவே வந்துவிடுவதால் இது அரிது. விண்டோஸ் 8 முதல் நிர்மலா என்ற எழுத்துரு இருக்கிறது. ஆனால் சர்வரில் ரசீதையோ சான்றிதழையோ பிடிஎஃப் ஆக்கும் நிரல் ஓடுகிறதென்றால், அந்த லினக்ஸில் தமிழ் எழுத்துரு ஒன்றுகூட இல்லாமல் இருக்கலாம். அங்கே நோட்டோ சான்ஸ் தமிழையோ லோஹித் தமிழையோ நிறுவினால் தீர்ந்தது.

அடுத்தது, தலையில் கோடு வைத்த ஆங்கில 'ஏ'யும் வட்டத்துக்குள் 'ஆர்' எழுத்தும் மாறி மாறி வரிசையாக வருவது. எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடில் தமிழுக்கு ஒதுக்கிய இடம் 2944 முதல் 3071 வரை. அந்த எண்களைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட் பிடிக்கும். 'க' என்றால் 224, 174, 149. இந்த மூன்றையும் உலாவி மேற்கத்திய விண்டோஸ்-1252 குறியாக்கம் என்று நினைத்துத் தனித்தனியாகப் படித்தால், 224 கோடு வைத்த 'ஏ' ஆகும், 174 வட்டத்து 'ஆர்' ஆகும். தமிழ் அழியவில்லை, தவறாகப் படிக்கப்படுகிறது, அவ்வளவுதான்.

உலாவி குறியாக்கத்தை முடிவு செய்வதில் ஒரு முன்னுரிமை உண்டு. கோப்பின் தொடக்கத்தில் இருக்கும் பைட் வரிசைக் குறிக்கு முதல் இடம், பக்கத்தோடு சர்வர் அனுப்பும் எச்டிடிபி தலைப்புக்கு (ஹெடர்) இரண்டாம் இடம், பக்கத்துக்குள் குறியாக்கத்தை அறிவிக்கும் மெட்டா சார்செட் வரி கடைசி. மெட்டாவில் யுடிஎஃப்-8 என்று சரியாக எழுதியும் பக்கம் சிதைகிறதென்றால் சர்வர் தலைப்பில் வேறு குறியாக்கம் போகிறதா என்று பாருங்கள். அந்த மெட்டா வரி முதல் 1024 பைட்டுக்குள் முடிந்திருக்கவும் வேண்டும். அதற்கு மேலே நீண்ட ஸ்கிரிப்டுகளைத் திணித்தால் உலாவி அதைக் கவனிக்காமல் போகலாம்.

கேள்விக்குறிகள்தான் உண்மையான இழப்பு. மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தின் அட்டவணை லத்தீன்1 என்ற மேற்கத்திய குறியாக்கத்தில் இருந்து, தளம் அதோடு பேசும் இணைப்பு மட்டும் யுடிஎஃப்-8 என்று அறிவிக்கப்பட்டிருந்தால், லத்தீனில் தமிழுக்கு இடமில்லாததால் ஒவ்வொரு குறிக்கும் ஒரு கேள்விக்குறி எழுதப்பட்டுவிடலாம். அப்படி ஆனால் மூல எழுத்து எங்கும் மிஞ்சாது. கண்டவுடன் புதிய பதிவுகள் ஏறுவதை நிறுத்துங்கள், பழைய காப்புப்பிரதியைத் தேடுங்கள்.

லத்தீன்1 அட்டவணையில் தமிழ் பைட்டுகள் அப்படியே உட்கார்ந்திருக்கும் பழைய தளங்களும் உண்டு. இணைப்பும் லத்தீன்1 என்பதால் இத்தனை நாள் சரியாகத் தெரிந்திருக்கும். சர்வர் மாற்றும் நாளில்தான் குட்டு உடையும். அப்போது பதறி அட்டவணையை நேரே யுடிஎஃப்8எம்பி4 (மைஎஸ்க்யூஎல்லின் முழு யுடிஎஃப்-8) ஆக மாற்றினால், ஒவ்வொரு பைட்டும் தனி எழுத்தாக மறுபடி குறியாக்கம் ஆகி நிலைமை மோசமாகும். முதலில் காப்புப்பிரதி எடுங்கள். அட்டவணையின் டெக்ஸ்ட் பத்தியை (நெடுவரிசையை) பைட்டுகளை அப்படியே வைத்திருக்கும் பிளாப் வகை ஆகவும், லாங்டெக்ஸ்ட் பத்தியை லாங்பிளாப் ஆகவும் மாற்றி, பிறகு யுடிஎஃப்8எம்பி4 ஆக்குங்கள். லாங்டெக்ஸ்டை வெறும் பிளாப் ஆக்கிவிடாதீர்கள். அதில் 65,535 பைட்டுக்கு மேல் இடமில்லை, நீண்ட கட்டுரையின் வால் போய்விடும்.

சிதைந்த உரையைத் திரையிலிருந்து நகலெடுத்து ஏதாவது குறியாக்க மாற்றிக் கருவியில் ஒட்டிச் சரிசெய்யும் வழக்கமும் இருக்கிறது. வேண்டாம். தமிழ்ப் புள்ளியின் மூன்று பைட்டுகள் 224, 175, 141. விண்டோஸ்-1252 பட்டியலில் 141 காலி இடம். அதனால் நகலெடுக்கும் வழியில் புள்ளி உதிர்ந்து 'தமிழ்' என்பது 'தமிழ' என்று திரும்பிவரக்கூடும். ஆயிரம் பக்கத்தில் உதிர்ந்த புள்ளிகளை யார் உட்கார்ந்து வைப்பது?

புள்ளிவட்டம் பெரும்பாலும் பழைய எழுத்துருக்களிலிருந்து மாற்றிய உரையில் வரும். இலங்கைத் தமிழரிடையே பரவலான பாமினி போன்றவற்றில் கண்ணுக்குத் தெரியும் வரிசையில்தான் தட்டச்சு செய்வார்கள்: முதலில் ஒற்றைக்கொம்பு, பிறகு மெய். யூனிகோடில் மெய் முதலில், கொம்பு பின்னால். இடமாற்றாமல் குறிக்குக் குறி மாற்றினால் கொம்பு அநாதையாகிப் புள்ளிவட்டத்தில் தொங்கும்.

இதைவிட நுட்பமான தொல்லை 'ஔ'காரம். பாமினியில் ஔகாரக் குறியின் பின்பாதியும் 'ள'கரமும் ஒரே விசை. உரையை மாற்றும் கருவி அவசரப்பட்டு கொம்பையும் ளகரத்தையும் ஔகாரக் குறியாகச் சேர்த்துவிட்டால் 'வெளிநாடு' என்பது 'வௌிநாடு' ஆகிவிடும். செய்தித் தளங்களில் இன்றும் இதைக் காணலாம். மறுபக்கம், 'கௌரி' என்ற பெயர் ககரம், கொம்பு, ளகரம், ரகரம் என்று 'கெளரி'யாகச் சேமிக்கப்படும். கண்ணுக்கு ஒன்றுபோல் தெரிந்தாலும் தேடினால் கிடைக்காது. மாற்றிய உரையில் ஔகாரக் குறியை அடுத்து இன்னொரு உயிர்க்குறியோ புள்ளியோ வரும் இடங்களைத் தேடினாலே முதல் வகைப் பிழைகள் பெரும்பாலும் சிக்கிவிடும். இரண்டாவதற்குப் பெயர்ப்பட்டியல் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

தரவு சுத்தமாக இருந்தும் வடிவமைப்பால் தமிழ் கெடும் இடங்கள் சில. இணைய எழுத்துருவின் அளவைக் குறைக்கும் கருவி, குறியெண் உள்ள உருவங்களை மட்டும் வைத்துக்கொண்டால் 'கு', 'கூ', 'டி' போன்ற கூட்டு வடிவங்கள் பறிபோகும். அவற்றுக்குத் தனிக் குறியெண் கிடையாது. ஆங்கிலத்துக்கு வைத்த 1.2 வரி உயரம் தமிழுக்குப் போதாது. 1.6இல் தொடங்குங்கள். உயரத்தைக் கட்டிப்போட்ட பொத்தானில் மேலே புள்ளி வெட்டுப்பட்டால் 'க்' என்பது 'க' ஆகிவிடும். அது அழகுக் குறை அல்ல, எழுத்துப்பிழை.

பட்டியலில் தலைப்பைச் சுருக்கிக் காட்டும் நிரலையும் பாருங்கள். 'தமிழ்' நமக்கு மூன்று எழுத்து, ஜாவாஸ்கிரிப்டுக்கு ஐந்து குறி, யுடிஎஃப்-8இல் பதினைந்து பைட். பிஎச்பியில் சப்ஸ்டர் பைட்டாக வெட்டும், எம்பி_சப்ஸ்டர் குறியாக வெட்டும், கிராஃபீம்_சப்ஸ்டர்தான் எழுத்தாக வெட்டும். ஜாவாஸ்கிரிப்டில் அதே வேலையைச் செக்மென்டர் செய்யும்.

தளத்தை வெளியிடும் முன் "ஸ்ரீ கௌரி கூடையில் வெள்ளைக் கொக்கு, பக்ஷணம், ஞெகிழி" என்ற வரியைப் படிவத்தில் உள்ளிட்டுச் சேமியுங்கள். அதைத் திறந்து பாருங்கள், தேடுங்கள், தடித்த எழுத்தில் காட்டுங்கள், பாதியில் சுருக்குங்கள், பிடிஎஃப் ஆக்குங்கள். ஒவ்வொரு முறையும் மூல வரியோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள்.