குளிப்பாட்டும்போது தெரியும் புடைப்பு

குடியாத்தத்தில் எங்கள் வீட்டுப் பின்கட்டில், காலை நீட்டி உட்கார்ந்து, பேரனைக் காலில் போட்டு வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தார் அம்மா. பிள்ளை வீறிட்டு அழ, அம்மாவின் கை நின்றுவிட்டது.

“இன்னாடி இது, தொடையாண்ட உருண்டையா வருது?”

“அழுதா வருதும்மா. தூங்குனா போயிடுது,” என்றாள் தங்கை.

அடிவயிறும் தொடையும் சேரும் மடிப்பில், வலப்பக்கம், நெல்லிக்காய் அளவுக்கு ஒரு புடைப்பு. அழுகை ஓய்ந்து பிள்ளை பால் குடிக்கத் தொடங்கியதும் இருந்த இடம் தெரியவில்லை. வளர வளர சரியாகிவிடும், அரைஞாண் கயிற்றை இறுக்கிக் கட்டுங்கள் என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். அந்த நம்பிக்கை தொப்புளிலிருந்து வந்தது. தொப்புள் புடைப்பு பெரும்பாலும் நான்கைந்து வயதுக்குள் தானே மூடிக்கொள்ளும். அதன்மேல் காசு வைத்துக் கட்டவும் வேண்டாம். இவனுக்கு வந்ததுபோலத் தொடையிடுக்கில் வரும் குடலிறக்கம், அதாவது ஹெர்னியா, வேறு. அதைக் கயிறும் தடுக்காது, காலமும் ஆற்றாது.

ஆண் சிசுவின் விரைகள் முதலில் உருவாவது சிறுநீரகத்துக்குப் பக்கத்தில். கர்ப்பத்தின் ஏழாம் மாதத்தை ஒட்டித்தான் அவை இடுப்பு மடிப்பு வழியாக விரைப்பைக்கு இறங்குகின்றன. அந்த வழியில் வயிற்றின் உள்சவ்வு ஒரு விரல் உறைபோல நீண்டு கிடக்கும். விரை இறங்கியபின் உறையின் வாய் மூடிக்கொள்ள வேண்டும். மூடாமல் நின்றால், பிள்ளை அழும்போதும் முக்கும்போதும் வயிற்றின் அழுத்தத்தில் குடல் அதற்குள் நழுவும். வலப்பக்க விரை தாமதமாக இறங்குவதால் அந்தப் பக்கம்தான் அதிகம். நிறைமாதக் குழந்தைகளில் நூற்றுக்கு ஒன்று முதல் ஐந்து பேருக்கு இது வரலாம். குறைமாதக் குழந்தைகளுக்கு வாய்ப்பு இன்னும் பல மடங்கு. தங்கை மகன் எட்டாம் மாதத்திலேயே பிறந்தவன். அதே வழி நூல்போலக் குறுகித் திறந்திருந்தால் குடல் வராது, நீர் மட்டும் இறங்கும். அதற்கு ஓரிரு வயதுவரை பொறுத்துப் பார்ப்பார்கள்.

குடலிறக்கத்துக்கு அந்தப் பொறுமை ஆகாது. வாய் சிறியது, உள்ளே வந்த குடல் வீங்கினால் திரும்பிப் போக வழியில்லை. முதலில் குடலின் பாதை அடைபடும், அப்புறம் ரத்த ஓட்டம் நிற்கும். அதே இடத்தில் செல்லும் விரையின் ரத்தக்குழாய்களும் நசுங்குவதால் விரை சுருங்கிப் போகவும் கூடும். இப்படிச் சிக்கிக்கொள்ளும் ஆபத்து முதல் வயதில்தான் மிக அதிகம். பெண் குழந்தைகளுக்கும் இது வரும், எண்ணிக்கை குறைவு. அவர்களுக்குச் சில சமயம் சினைப்பையே வெளியே வந்து மாட்டிக்கொள்ளும்.

புடைப்பு கல்லாக இறுகி, தொட்டால் பிள்ளை துடித்து, பச்சையாக வாந்தி எடுத்தால் அன்றைக்கே, அந்த நேரமே கிளம்ப வேண்டும். பால் கொடுக்க வேண்டாம். எண்ணெய் தேய்த்து அமுக்கவே கூடாது. பீஞ்சமந்தை பக்கமிருந்து மலையிறங்கி ஒடுகத்தூர் வழியாக வேலூர் வர வேண்டியவர்கள் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, அந்தச் சில மணி நேரமே குடலின் உயிர். மருத்துவமனையில் மயக்க மருந்து லேசாகக் கொடுத்து, பக்குவமாக உள்ளே தள்ளிப் பார்ப்பார்கள். போய்விட்டால் வீக்கம் வடிய ஓரிரு நாள் விட்டு அறுவை சிகிச்சை. போகாவிட்டால் உடனே.

அந்த அறுவை சிகிச்சையை விளங்கிக்கொள்ள ஆயாக்களின் இடுப்பில் தொங்கும் சுருக்குப்பை போதும். மடிப்புக் கோட்டிலேயே ஓரிரு சென்டிமீட்டர் கீறி, சவ்வுப் பையைத் தேடி எடுக்கிறார்கள். ஈர வெங்காயத் தோல்போல மெல்லிய பை அது. அதன்மேல் ஒட்டியிருக்கும் விந்துக் குழாயையும் ரத்தக்குழாய்களையும் கிள்ளாமல், இழுக்காமல் பிரித்தெடுப்பதில்தான் முழுத் திறமையும் இருக்கிறது. பிரித்தபின் பையின் கழுத்தை வயிற்றுக்கு ஒட்டிச் சுருக்கிக் கட்டிவிடுவார்கள். அவ்வளவுதான். பெரியவர்களுக்கு வைப்பதுபோல வலை வைப்பதில்லை, ஏனென்றால் இங்கே தசை பலவீனமில்லை, ஒரு வாய் மூடாமல் போனதுதான் குறை. சிறு துளை வழியே கேமராவை விட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பி மூலமும் இதையே செய்யலாம்.

தங்கை பயந்தது கத்திக்கு அல்ல, மயக்கத்துக்கு. அவள் பயத்தில் பாதி நியாயம். குறைமாதக் குழந்தைகள் மயக்கம் தெளிந்தபிறகும் சில நொடி மூச்சை நிறுத்திவிடக்கூடும். அதனால்தான் அவர்களை இரவு முழுக்கக் கருவியோடு கண்காணிக்கிறார்கள்; நிறைமாதத்தில் பிறந்து சில மாதம் வளர்ந்த பிள்ளை பெரும்பாலும் அன்று மாலையே வீடு திரும்பும்.

டாக்டரிடம் காட்டிய அன்று புடைப்பு வெளியே வரவே இல்லை. தங்கை செல்போனில் எடுத்து வைத்திருந்த படத்தைப் பார்த்துத்தான் தேதி கொடுத்தார். சிகிச்சைக்குப்பின் விரைப்பை சில நாள் வீங்கியிருந்தது, தானாக வடிந்தது. டாக்டர் அனுமதித்த நாளில் அம்மா பின்கட்டில் மறுபடி காலை நீட்டி உட்கார்ந்தார். பிள்ளை அதே மாதிரி வீறிட்டு அழுதான். அம்மா குனிந்து அந்த மடிப்பைப் பார்த்துவிட்டு வெந்நீரை ஊற்றினார்.