பியு லெதர் சோபா உரிந்தால் பிள்ளைகளைத் திட்டாதீர்கள்

கோலாலம்பூர் செந்தூலில் சோபாவுக்குத் துணி மாற்றும் பட்டறை வைத்திருக்கிறேன். எங்களுக்கு வரும் போன்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: "அண்ணே, சோபா தோல் உரியுது, ஒட்டிக் கொடுக்க முடியுமா?" முடியாது. பெயின்ட் அடித்து மறைத்தாலும் சில மாதங்களில் அந்தப் பெயின்ட்டும் சேர்ந்து உரியும், அதற்கு ஒரு வெள்ளிகூடச் செலவழிக்காதீர்கள்.

பியு லெதர் தோலே இல்லை. அடியில் ஒரு துணி, அதன்மேல் பாலியூரிதேன் (சுருக்கமாகப் பியு) என்கிற பிளாஸ்டிக்கில் மெல்லிய படலம், அந்தப் படலத்தில் தோல் மாதிரி வரி பதித்திருப்பார்கள், அவ்வளவுதான். மலிவான வகைகளில் இந்தப் படலம் காற்றிலிருக்கும் ஈரத்தோடு வினைபுரிந்து உள்ளுக்குள்ளேயே சிதையும். நீராற்பகுப்பு, ஆங்கிலத்தில் ஹைட்ரோலிசிஸ் என்பார்கள். கோலாலம்பூரில் ஈரப்பதம் வருஷம் முழுக்க 80 சதவீதத்தை ஒட்டியே இருக்கிறது, பகலில் சூடு 32, 33 டிகிரி, அதனால் ஸ்டோர் ரூமில் யாரும் உட்காராமல் கிடந்த நாற்காலிகூட உரிகிறது. தலை சாய்க்கும் இடமும் கை வைக்கும் இடமும் முதலில் போவதற்கு வியர்வையும் தலை எண்ணெயும் காரணம். பிள்ளை சுரண்டியது, வேலைக்கு வரும் அக்கா ஈரத்துணியால் துடைத்தது என்று வீட்டில் பழி போடுவதைப் பார்க்கும்போது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. சுரண்டினால் சீக்கிரம் உரியும், உண்மைதான், ஆனால் நல்ல படலம் சும்மா சுரண்டியதற்கெல்லாம் வராது.

உங்கள் சோபா எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிய வேண்டுமா? குஷனைத் திருப்பி, கை படாத ஜிப் ஓரத்தை இரண்டு விரலால் மடித்துப் பாருங்கள். மடிப்பில் மயிரிழை மாதிரி வெடிப்புகள் தெரிந்தால், வெடிப்புக்குள் அடித்துணியின் வெள்ளை எட்டிப் பார்த்தால், அதற்கு ஆயுசு அதிகம் இல்லை.

கடையில் "மார்ட்டின்டேல் 50,000" என்று அட்டையைக் காட்டுவார்கள். அது துணி எத்தனை முறை தேய்த்தால் தாங்கும் என்று பார்க்கும் சோதனை. வீட்டுக்கு 20,000, 25,000 இருந்தாலே தாராளம். ஆனால் ஈரத்தை எவ்வளவு காலம் தாங்கும் என்பதை அந்த எண் சொல்லாது. நீங்கள் கேட்க வேண்டியது ஹைட்ரோலிசிஸ் சோதனை முடிவு: 70 டிகிரி சூடு, 95 சதவீத ஈரப்பதத்தில் அடைத்து வைத்து எத்தனை வாரம் தாங்கியது என்று பார்ப்பார்கள். பாலிகார்பனேட் வகை பியு என்றால் நன்றாகவே தாங்கும், விலையும் அதற்கேற்ப ஏறும். பிவிசி என்கிற இன்னொரு பிளாஸ்டிக்கில் செய்த போலித் தோல் இப்படி உரியாது, ஆனால் வருஷம் போகப் போக விறைத்து வெடிக்கும், ஏர்கான் இல்லாத ஹாலில் தொடையில் ஒட்டும்.

என்னைக் கேட்டால், நம் ஊர் ஹாலுக்கு நெருக்கமாக நெய்த பாலியஸ்டர் துணியே போதும். பாலியஸ்டர் நூல் தன் எடையில் 0.4 சதவீதம் அளவுக்குத்தான் ஈரத்தை இழுக்கும், பருத்தி 8 சதவீதம்வரை இழுக்கும், அதனால் மழை விடாத நாட்களிலும் பூசணம் பிடிப்பது குறைவு. குறை என்னவென்றால், தண்ணீரை வேண்டாம் என்கிற அதே நூல் எண்ணெயை விடாமல் பிடித்துக்கொள்ளும். தேங்காய் எண்ணெய் தடவும் வீட்டில் தலை படும் இடத்துக்குக் கழற்றித் துவைக்கிற மாதிரி தனி உறை தைத்துக்கொள்ளுங்கள், அதே துணியில் கூடுதலாக அரை மீட்டர் வாங்கினால் போதும்.

பால்கனி விஷயம் வேறு. அங்கே வெயில்தான் எதிரி. நூலாக இழுக்கும் முன்பே சாயம் கலந்த அக்ரிலிக் துணி கேளுங்கள். பீட்ரூட்டை எங்கே வெட்டினாலும் சிவப்பாக இருப்பதுபோல அதில் நூலின் உள்வரை நிறம் இருக்கும், சீக்கிரம் வெளுக்காது.

அப்புறம் சாமி மேடை. பக்கத்தில் பாலியஸ்டர் திரைச்சீலை தொங்கவிடாதீர்கள், தயவுசெய்து. அது உருகிச் சொட்டும், சொட்டியது தோலில் ஒட்டிக்கொண்டே சுடும். சோபாவுக்குள் இருக்கும் ஸ்பாஞ்சும் பாலியூரிதேன்தான், தீப்பிடித்தால் மளமளவென்று எரிந்து கரும்புகை கக்கும். தீபாவளிக்கு வரிசையாக விளக்கு வைக்கும் வீடுகளில் சோபாவைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுவிடுங்கள்.

துணி வாங்கும் முன் உள்ளங்கை அளவு சாம்பிள் கேளுங்கள், நல்ல கடை கொடுக்கும். அதில் எண்ணெய், மஞ்சள் கலந்த கறிக்குழம்பு இரண்டையும் ஒரு சொட்டு விட்டு ராத்திரி முழுக்க வைத்து, காலையில் பாத்திரம் கழுவும் சோப்பால் அலசுங்கள். கறை போகவில்லை என்றால் வேறு துணி பாருங்கள்.