தயிர்சாதம் சாப்பிடும் பூனையின் உடலுக்குள்

மும்பையின் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் சைவத் தமிழ் வீடுகளில் பூனை வளர்ப்பவர்களிடம் அதன் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டால், "எங்கள் வீட்டுப் பூனை தயிர்சாதம்தான் சாப்பிடும், வேறு எதையும் தொடாது" என்று பெருமையும் பாசமும் கலந்த பதில் வரும். அப்படி வளர்ந்த பூனைகள் பல வருடங்கள் நன்றாக வாழ்ந்தும் இருக்கின்றன. பாட்டி காலத்திலிருந்து கண்ணெதிரே நடந்துவந்ததை இப்போது ஒரு கால்நடை மருத்துவர் கூடாது என்று சொன்னால், ஏற்க மனம் வராததில் வியப்பில்லை.

பாட்டி சொன்னது பொய்யில்லை. ஆனால் பூனையின் சாப்பாட்டில் பாதி, பாட்டி கண்ணில் படாமல் நடந்தது. மூன்று மாடிப் பழைய கட்டடம், திறந்த பால்கனி, கீழே காம்பவுண்டு. இருட்டியதும் பூனை இறங்கிப் போகும். எலி, பல்லி, கரப்பான், எப்போதாவது ஒரு குருவி, மீன்காரி வீசிவிட்டுப் போன தலையும் குடலும் என்று வயிற்றை நிரப்பிக்கொண்டு விடியற்காலையில் திரும்பும். வீட்டில் வைத்த தயிர்சாதம் அதற்குத் துணை உணவுதான்.

இன்று அந்தக் கட்டடங்கள் ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டு டவர்களாக எழும்பிக்கொண்டிருக்கின்றன. பூனையும் குடும்பத்தோடு பதினைந்தாம் மாடிக்குப் போய்விட்டது. ஜன்னல்களுக்கு வலை போட்டாகிவிட்டது. வலை போடுவது மிகச் சரியான செயல். மாடியிலிருந்து விழும் எல்லாப் பூனைகளும் பிழைத்துவிடுவதில்லை. ஆனால் வலை போட்ட அன்றே எலியும் பல்லியும் நின்றுபோயின. தட்டில் இருக்கும் தயிர்சாதம் மட்டும் அப்படியே தொடர்கிறது. முன்பு துணையாக இருந்தது இப்போது முழு உணவாகிவிட்டது. இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

பூனைக்கு இறைச்சி பிடிக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். அது விருப்பத்தைப் பற்றிய செய்தி. உடலின் வேதியியல் அதைவிடக் கடுமையானது. தாவரங்களை மட்டும் தின்று வாழத் தேவையான பல நொதிகள் பூனையின் உடலில் இல்லை, அல்லது பெயரளவுக்கு மட்டுமே வேலை செய்கின்றன. வீட்டுப் பூனையின் மூதாதை மேற்காசியா, வட ஆப்பிரிக்கா பகுதிகளின் வறண்ட நிலங்களில் வாழ்ந்த ஒரு காட்டுப்பூனை. சைப்ரஸ் தீவில் ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முன் ஒரு மனிதரோடு சேர்த்துப் புதைக்கப்பட்ட பூனையின் எலும்புக்கூட்டை 2004-இல் ஆய்வாளர்கள் வெளியுலகுக்கு அறிவித்தார்கள். அவ்வளவு காலம் நம்மோடு இருந்தும் பூனையின் செரிமானம் பெரிதாக மாறவில்லை. தானியக் களஞ்சியத்துக்கு எலி பிடிக்க வந்த விலங்கு அது. தானியத்தைத் தின்ன வேண்டிய தேவை அதற்கு வரவே இல்லை.

நாயின் கதை வேறு. மாவுச்சத்தைச் செரிக்கும் அமிலேஸ் என்னும் நொதிக்கான மரபணு, ஓநாயில் வழக்கமாக இரண்டு பிரதிகளே இருக்க, நாயில் பல பிரதிகளாகப் பெருகியிருப்பதை 2013-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. நம் எச்சில் சோற்றைத் தின்று தின்றே நாய் ஓரளவுக்கு நம்மைப்போல் ஆகிவிட்டது. ஆகவே நாய் தயிர்சாதத்தில் தாக்குப்பிடிப்பதைப் பார்த்துப் பூனையையும் அப்படியே எடைபோடுவது ஆபத்தானது.

பூனையின் உடல் கைவிட்ட வேலைகளில் முதலில் பேச வேண்டியது டாரின். அமினோ அமிலக் குடும்பத்தைச் சேர்ந்த இந்தப் பொருள் விழித்திரையிலும் இதயத்தசையிலும் ஏராளமாக இருக்கிறது. பெரும்பாலான பாலூட்டிகள் கந்தகம் உள்ள வேறு அமினோ அமிலங்களிலிருந்து டாரினைத் தாமே தயாரித்துக்கொள்கின்றன. அந்தத் தயாரிப்புக்கு வேண்டிய முக்கியமான இரண்டு நொதிகளும் பூனையிடம் மிகவும் மந்தமாக வேலை செய்கின்றன. எலியின் உடலிலேயே தயார்நிலையில் டாரின் கிடைத்துவந்ததால் அதைத் தயாரிக்கும் வேலை தேவையற்றுப் போயிருக்க வேண்டும். தெருமுனையில் இட்லி மாவு கிடைக்கத் தொடங்கியதும் வீட்டு கிரைண்டர் பரணுக்கு ஏறுவதைப்போல. மாவுக் கடை மூடிவிட்டால் பரணிலிருந்து கிரைண்டரை இறக்கிவிடலாம். பூனையால் அது முடியாது.

குறைவாகத் தயாரிப்பது போதாதென்று, பூனை டாரினைத் தொடர்ந்து இழந்துகொண்டும் இருக்கிறது. கொழுப்பைச் செரிக்க உதவும் பித்தநீர் அமிலங்களோடு டாரினையோ கிளைசின் என்ற இன்னொரு அமினோ அமிலத்தையோ இணைத்தே கல்லீரல் அவற்றைக் குடலுக்கு அனுப்புகிறது. மற்றப் பல விலங்குகள், நாமும்தான், டாரின் குறையும்போது கிளைசினைப் பயன்படுத்திச் சமாளித்துக்கொள்கின்றன. பூனைக்கு அந்த மாற்றுவழி இல்லை. டாரின் மட்டுமே இணையும். அதில் ஒரு பகுதியைக் குடல் பாக்டீரியாக்கள் சிதைத்துவிடும், ஒரு பகுதி கழிவோடு போய்விடும். ஒவ்வொரு வேளையும் இந்தச் செலவு நடக்கிறது. வரவு நின்றால் இருப்புக் கரையும்.

கரைந்தால் என்ன ஆகும் என்பதை 1975-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அதில் பூனைகளுக்குக் கொடுக்கப்பட்ட புரதம் கேசின், அதாவது பாலிலும் தயிரிலும் இருக்கும் அதே புரதம். புரத அளவில் குறையில்லை. ஆனாலும் பூனைகளின் இரத்தத்தில் டாரின் சரிந்தது, விழித்திரையின் ஒளியுணர் செல்கள் சிதையத் தொடங்கின. தயிரில் புரதம் இருக்கிறதே என்று நாம் தேற்றிக்கொள்ளும் இடத்தில் இந்த ஆய்வை நினைத்துக்கொள்ள வேண்டும். பசும்பாலில் டாரின் மிகச் சொற்பம். அரிசியில் கிட்டத்தட்ட இல்லவே இல்லை.

1987-இல் அதே இதழில் இன்னொரு செய்தி வந்தது. இதயம் பலூன்போல் விரிந்து, சுவர் மெலிந்து, துடிக்கத் திணறும் நோயால் அக்காலத்தில் ஏராளமான பூனைகள் இறந்துகொண்டிருந்தன. அந்தப் பூனைகளின் இரத்தத்தில் டாரின் குறைவாக இருப்பதைக் கலிபோர்னியாவில் பால் பியான் என்ற கால்நடை மருத்துவரும் அவருடைய குழுவினரும் கண்டறிந்தார்கள். டாரினைக் கொடுத்ததும் பல பூனைகளின் இதயம் பழைய வலிமைக்குத் திரும்பியது. இத்தனைக்கும் அந்தப் பூனைகள் சாப்பிட்டவை கடையில் விற்ற பூனை உணவுகள்தான்! பதப்படுத்தும் முறையினால் டாரின் தேவை கூடிவிடுவது அதுவரை கணக்கில் வரவில்லை. அதன்பிறகே உணவு நிறுவனங்கள் டாரினைக் கூடுதலாகச் சேர்க்கத் தொடங்கின. உலர் உணவில் 0.1 சதவீதமும், டப்பாவில் அடைத்த ஈர உணவில், நீர்ப்பகுதியைக் கழித்துக் கணக்கிட்டால், 0.2 சதவீதமும் இருக்க வேண்டும் என்பது இன்று அமெரிக்காவில் பின்பற்றப்படும் அளவு.

இந்தக் குறைபாட்டின் கொடுமை அதன் மெதுவான நடை. பல மாதங்கள், சில பூனைகளில் ஒரு வருடத்துக்கும் மேல், வெளியே எதுவுமே தெரியாது. பூனை விளையாடும், மடியில் வந்து படுக்கும், தட்டைக் காலி செய்யும். மங்கலான பார்வையைப் பூனை தன் மீசையாலும் காதாலும் ஈடுகட்டிக்கொள்வதால் வீட்டில் உள்ளவர்கள் கவனிக்கும்போது காலம் கடந்திருக்கும். சிதைந்த விழித்திரை மீளாது.

டாரினோடு பட்டியல் முடியவில்லை. கேரட்டிலும் கீரையிலும் உள்ள பீட்டா கரோட்டினை நாம் வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்கிறோம், பூனையால் முடியாது. நல்லவேளையாகப் பால்கொழுப்பில் வைட்டமின் ஏ நேரடியாகவே இருப்பதால் இந்த ஒரு விஷயத்தில் தயிர் கொஞ்சம் கைகொடுக்கிறது. தாவர எண்ணெய்களிலிருந்து, உடலுக்கு அவசியமான அராக்கிடோனிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலத்தைப் போதிய அளவு உருவாக்கவும் பூனையால் இயலாது. வெயிலில் மணிக்கணக்காகப் படுத்தாலும் தோலில் வைட்டமின் டி உருவாவதில்லை. ஆர்ஜினின் என்ற ஒரே ஒரு அமினோ அமிலம் இல்லாத ஒரு வேளை உணவைக் கொடுத்தால் சில மணி நேரத்தில் இரத்தத்தில் அம்மோனியா ஏறிப் பூனை துவண்டுவிடும் என்று 1978-இல் காட்டினார்கள். வழக்கமான உணவில் ஆர்ஜினின் இருப்பதால் வீட்டில் அப்படி நேராது. ஆனாலும் இந்த உடல் எவ்வளவு குறுகிய பாதையில் நடக்கிறது என்பதை உணர்த்த அந்தச் சோதனை போதும்.

பாயசக் கிண்ணத்தைப் பூனை நக்குவதைப் பார்த்து அதற்கு இனிப்புப் பிடிக்கும் என்று நினைப்போம். நக்குவது பால்கொழுப்புக்காக. இனிப்பை உணரும் ஏற்பிக்கான மரபணு பூனையில் பழுதாகிக் கிடப்பது 2005-இல் தெரியவந்தது. அதே பழுது புலியிலும் சிவிங்கிப் புலியிலும் இருக்கிறது.

இந்தக் குடும்ப ஒற்றுமையை நினைக்க மும்பையைவிடப் பொருத்தமான பெருநகரம் இல்லை. நகரின் வடக்கே சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவின் நூறு சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட காட்டில் சிறுத்தைகள் வாழ்கின்றன. ஏறத்தாழ ஒன்றரைக் கிலோவுக்குள் அடங்கும் எடையோடு, உள்ளங்கையில் அடங்கும் முகத்தோடு, உலகின் மிகச் சிறிய காட்டுப்பூனைகளில் ஒன்றான துருப்புள்ளிப் பூனையும் அங்கே இருக்கிறது. சிறுத்தை மானையும் நாயையும் பிடிக்கிறது, துருப்புள்ளிப் பூனை சுண்டெலியைப் பிடிக்கிறது. அளவுதான் வேறு, இரண்டும் தசையோடு இதயம், கல்லீரல் என்று இரையின் உள்ளுறுப்புகளையும் தின்கின்றன. டாரின் அதிகம் இருப்பது அந்த இதயத்தில்தான். மடியில் உறங்கும் பூனை இந்த வரிசையில் சேர்ந்தது. அதை மதிப்பதும் அன்பின் ஒரு பகுதி என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பூனை இழந்த இன்னொரு நொதி, நம் மருந்து அலமாரியைப் பூனைக்கு நஞ்சாக்குகிறது. பாராசிட்டமாலைக் கல்லீரலில் செயலிழக்கச் செய்து வெளியேற்ற உதவும் நொதியின் மரபணு பூனைக் குடும்பத்தில் சிதைந்துவிட்டது. காய்ச்சல் என்று பரிவோடு கொடுக்கும் ஒரு 500 மில்லிகிராம் மாத்திரை ஒரு பூனையைக் கொல்லும். கற்பூரம், நீலகிரித் தைலம் போன்றவற்றையும் அதன் மேல் தடவக் கூடாது. நாய்க்கான உண்ணி மருந்துகளில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருந்தால் அது பூனையை வலிப்பில் தள்ளும். வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களை உடைக்கின்றன. பூனையின் ஹீமோகுளோபினில் எளிதில் தாக்கப்படும் கந்தக இடங்கள் எட்டு, நமக்கு இரண்டுதான். வேகவைத்தாலும் வெங்காயத்தின் நச்சு போவதில்லை என்பதால் சின்ன வெங்காயச் சாம்பார் கலந்த சாதம் தயிர்சாதத்தைவிட மோசம்.

அப்படியானால் சைவ வீட்டில் என்ன செய்வது? சமையலறைக்குள் இறைச்சி வர வேண்டியதில்லை. "முழுமையான, சமச்சீரான உணவு" என்று எழுதப்பட்ட, டாரின் அளவு குறிப்பிடப்பட்ட பூனை உணவுப் பொட்டலம் போதும். தனித் தட்டு, தனி இடம், தனி ஸ்பூன் வைத்துக்கொண்டு நிம்மதியாக வளர்க்கும் வீடுகள் மாட்டுங்காவில் இருக்கின்றன. செயற்கை டாரின் சேர்த்த தாவர உணவுகளும் விற்கின்றன. அவற்றால் சிறுநீர் காரத்தன்மை அடைந்து கற்கள் உருவாகும் வாய்ப்பு இருப்பதால் மருத்துவரின் தொடர் கண்காணிப்பு இல்லாமல் அந்தப் பாதையில் போகக் கூடாது. பொட்டலத்தைத் தொடவும் மனம் ஒப்பவில்லை என்றால் பூனை வளர்க்காமல் இருப்பதே பூனைக்குச் செய்யும் நன்மை. அதற்குப் பதிலாகக் கிளி வாங்கலாமே என்று தோன்றினால், பச்சைக்கிளியைக் கூண்டில் வைப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

அசைவ வீடுகளுக்கும் சில வார்த்தைகள். வெறும் கோழிச் சதையில் கால்சியம் மிகக் குறைவு. அதை மட்டும் தின்று வளரும் குட்டிகளின் எலும்பு எளிதில் முறியும். கோழியை வேகவைத்த நீரைக் கொட்டினால் அதோடு டாரினும் போகும். தினமும் ஈரல் கொடுத்தால் வைட்டமின் ஏ மிகுந்து கழுத்தெலும்புகள் இறுகிவிடும். சில பச்சை மீன்களில் உள்ள நொதி வைட்டமின் பி1-ஐ அழிக்கும். வேகவைத்தால் அந்த ஆபத்து நீங்கும்.

தயிர்சாதத்திலிருந்து மாற்றும்போது ஒன்றில் மிகுந்த கவனம் தேவை. "பசித்தால் தானாகச் சாப்பிடும்" என்று பட்டினி போடக் கூடாது. இரண்டு மூன்று நாள் சாப்பிடாத பூனையின், குறிப்பாகக் குண்டுப் பூனையின், கல்லீரலில் கொழுப்பு குவிந்து உயிருக்கே ஆபத்தாகும். பழகிய தயிர்சாதத்தில் புதிய உணவைச் சிறிது கலந்து, ஒன்றிரண்டு வாரத்தில் விகிதத்தைத் திருப்ப வேண்டும். ஈர உணவை லேசாகச் சூடுபடுத்தினால் வாசனை எழும்பிப் பூனையை இழுக்கும்.

தண்ணீரும் முக்கியம். எலியின் உடலில் ஏறத்தாழ 70 சதவீதம் நீர், உலர் உணவில் சுமார் 10 சதவீதம். வறண்ட நிலத்திலிருந்து வந்த பூனைக்குத் தாகம் குறைவு. குறைவாகக் குடித்து, அடர்ந்த சிறுநீர் கழித்து ஓட்டிவிடும். அதனால் ஈர உணவையும் சேர்த்துக் கொடுப்பது நல்லது, பல இடங்களில் தண்ணீர்க் கிண்ணம் வைப்பதும் உதவும். ஆண்பூனை மணல் தட்டில் திரும்பத் திரும்ப உட்கார்ந்து முக்கியும் சிறுநீர் வராவிட்டால் அது மலச்சிக்கலாக இருக்கும் என்று காத்திருக்க வேண்டாம். சிறுநீர்ப் பாதை முழுவதும் அடைத்துக்கொண்டால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும். பரேலில் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்து மருத்துவமனையோ வீட்டுக்கு அருகில் உள்ள மருத்துவரோ, எது முதலில் திறந்திருக்கிறதோ அங்கே அன்றே கொண்டுபோக வேண்டும்.