நொதி: பெருங்குடல் சதைவளர்ச்சியை ரத்தம் காட்டிக்கொடுக்குமா?

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் லேபில் ரத்தம் கொடுத்து ரிப்போர்ட் வாங்கியவர்கள் அடிக்கடி கேட்பது இது: “என்சைம் ஏறியிருக்குன்னு போட்டிருக்கே, என்ன வியாதிங்க?” என்சைம் என்பது வியாதியின் பெயரே அல்ல. உடலுக்குள் வேதிவினைகளை விரைவுபடுத்தும் புரதங்களின் பொதுப்பெயர் அது. நம் பாடநூல்கள் நொதி என்கின்றன. இலங்கைத் தமிழர் நொதியம் என்பார்கள்.

ஜெர்மானிய உடலியலாளர் வில்ஹெல்ம் கூனே 1870களில் கிரேக்க மொழியிலிருந்து உருவாக்கிய சொல் என்சைம். ‘ஈஸ்ட்டுக்குள் இருப்பது’ என்று பொருள். உயிருள்ள ஈஸ்ட் இல்லாமல் சர்க்கரை நொதிக்காது என்று லூயி பாஸ்டர் உறுதியாகச் சொல்லிவந்த காலம் அது. 1897இல் எட்வர்ட் பூக்னர் ஈஸ்ட்டை அரைத்துப் பிழிந்து, உயிரணுவே இல்லாத வெறும் சாற்றால் சர்க்கரையை நொதிக்கவைத்தார். 1907இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. தமிழில் நொதித்தல் என்றால் புளித்துப் பொங்குதல். அதைச் செய்விக்கும் பொருள் நொதி. கிரேக்க வேரும் தமிழ் வேரும் ஒரே மாவுப் பானையைத்தான் பார்த்திருக்கின்றன. இத்தனை பொருத்தமான சொல் கையில் இருக்கும்போது நோயாளிக்கு எழுதித் தரும் தாளில் அதைத் தயங்காமல் எழுதலாம் என்பேன்.

நீலகிரியில் நொதியைப் புரியவைக்கத் தேயிலை ஃபேக்டரி போதும். முழுக்கொழுந்தில் பாலிஃபீனால் ஆக்சிடேஸ் என்னும் நொதி, தான் வினைபுரிய வேண்டிய கேட்டச்சின்கள் என்னும் இலைச் சேர்மங்களிடமிருந்து விலகியே இருக்கிறது. வாட்டிய கொழுந்தை ரோலரில் உருட்டும்போதோ சி.டி.சி. இயந்திரத்தில் நசுக்கும்போதோ செல்கள் உடைகின்றன; இரண்டும் கலக்க, காற்றும் சேர, பச்சை செம்பு நிறமாகிறது. இதை ஃபேக்டரியில் ஃபெர்மென்டேஷன் என்று சொன்னாலும் ஈஸ்ட்டுக்கு அங்கே வேலை இல்லை. டிரையரின் சூடு பட்டதும் நொதி செயலிழக்கும். ரத்தத்தில் நாம் அளக்கும் பல நொதிகளின் கதையும் இதுதான். செல்லுக்குள் இருக்கவேண்டியது, செல் சிதைந்தால் வெளியே கசிகிறது. ஆனால் அளவு ஏறியிருப்பதை மட்டும் வைத்து, கசிந்த இடம் எது, ஏன் கசிந்தது என்று சொல்லிவிட முடியாது.

இனி சதைவளர்ச்சி. பெருங்குடலின் உட்சுவரில் முளைக்கும் சதையை மருத்துவர்கள் பாலிப் என்கிறார்கள். ‘பல காலுள்ளது’ என்ற கிரேக்கச் சொல், பழங்காலத்தில் மூக்குச் சதைக்கும் வழங்கியது. பெருங்குடல் பாலிப்களில் சுரப்பித் திசுவிலிருந்து எழும் அடினோமாவைச் சுரப்பிக்கட்டி எனலாம். புற்றாக மாறக்கூடிய முக்கியமான வகை இது. பெரும்பாலானவை அப்படி மாறுவதில்லை. மாறுபவையும் பொதுவாகப் பத்தாண்டு அளவில் மெல்ல மாறுகின்றன. அதற்குள் கண்டு அகற்றினால் புற்று வராமலே தடுக்கலாம்.

அந்த இடைவெளியில் ரத்தமே காட்டிக்கொடுக்காதா என்பதுதான் ஆய்வாளர்களின் தேடல். செல்களைச் சூழ்ந்த புரத வலையைக் கரைக்கும் எம்.எம்.பி.-9 என்னும் நொதியைப் பரிசோதித்திருக்கிறார்கள். ரத்தச் சர்க்கரையைக் கட்டுப்படுத்த உதவும் ஹார்மோன்களைச் சிதைக்கும் டி.பி.பி.-4 என்னும் நொதியையும் அளந்திருக்கிறார்கள். பெருங்குடல் புற்றுள்ளவர்களின் ரத்தத்தில் இது குறைந்திருப்பதாகச் சில ஆய்வுகள் காட்டின. ஏறுவது மட்டுமே செய்தியல்ல, இறங்குவதும் செய்தியாகலாம். சர்க்கரை நோய்க்குச் சிடாகிளிப்டின் சாப்பிடுகிறவர்களுக்கு இந்த நொதியின் செயலையே அந்த மாத்திரை தடுக்கிறது என்பதையும் சேர்த்து நினைக்கவேண்டும். எம்.எம்.பி.-9 மூட்டழற்சி போன்ற வேறு அழற்சிகளிலும் உயரும். ஆகவே இவை எதுவும் இன்று வழக்கமான குடல் பரிசோதனையாக நிலைபெறவில்லை. இவற்றைக் குறிகாட்டி என்று சொல்வதே சரி. நோய்க்கான ஆதாரம் என்று சொல்வது தவறு.

2024இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற ரத்தப் பரிசோதனை ஒன்று நொதியை விட்டு டி.என்.ஏ. துணுக்குகளைத் தேடுகிறது. அதுவும் புற்றில் 83 சதவீதத்தைக் கண்டுபிடித்தாலும், முற்றிய சுரப்பிக்கட்டிகளில் 13 சதவீதத்தையே கண்டது.

மலையில் இருப்பவர்களுக்கு இது வெறும் ஆய்வுச் செய்தி அல்ல. குழாய்க் கேமராவால் பெருங்குடலின் உட்புறத்தைப் பார்க்கும் கொலோனோஸ்கோப்பிக்காகக் கோவைக்கு இறங்குகிறவர்கள் முந்தைய நாளே பேதி மருந்து குடித்துக் குடலைக் காலி செய்யவேண்டும்; அந்த நிலையில் மேட்டுப்பாளையம் வளைவுகளைத் தாண்டுவது எவ்வளவு கஷ்டம் என்று போய்வந்தவர்களுக்குத் தெரியும். முந்தின நாளே கீழே போய்த் தங்கிவிடுவது நல்லது. வீட்டிலேயே எடுத்துத் தரக்கூடிய மலப் பரிசோதனை, கண்ணுக்குத் தெரியாத ரத்தக் கசிவைக் காட்டும். அதில் கசிவு தெரிந்தால் கொலோனோஸ்கோப்பி செய்தே ஆகவேண்டும். அப்பா, அம்மா, அண்ணன், தங்கை என்று நெருங்கிய உறவில் யாருக்காவது பெருங்குடல் புற்று வந்திருந்தாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ, நொதி அளவு எப்படி இருந்தாலும் மருத்துவரிடம் அதைச் சொல்லிவிடுங்கள்.