மலைச்சரிவில் டவர்: இங்கிலாந்தில் ஊர்க்காரர்கள் எதைக் கேட்கலாம்?

இங்கிலாந்தில் செல்போன் டவர் நிறுத்த, பெரும்பாலும் முழுத் திட்ட அனுமதி தேவைப்படாது. 2015ஆம் ஆண்டின் பொது அனுமதி ஆணை, தன் 16ஆம் பகுதியில் அந்த அனுமதியை முன்கூட்டியே தந்துவிட்டது. 2022 ஏப்ரலில் உயர வரம்பும் கூடியது. சாதாரண நிலத்தில் புதிய டவர் 30 மீட்டர் வரை போகலாம். தேசியப் பூங்கா போன்ற பாதுகாக்கப்பட்ட இடங்களில் 25 மீட்டர். லேக் டிஸ்ட்ரிக்ட், பீக் டிஸ்ட்ரிக்ட் எல்லாம் இந்த வகைதான். 25 மீட்டர் என்பது ஏறக்குறைய எட்டு மாடி உயரம். மரமில்லாத மலைச்சரிவில் அது பல மைல் தூரத்துக்குத் தெரியும்.

அதற்காக நிறுவனங்கள் இஷ்டப்படி நட்டுவிட முடியாது. பாதுகாக்கப்பட்ட நிலத்தில் புதிய டவர் என்றால், உள்ளூர் திட்ட ஆணையத்திடம் முன் ஒப்புதல் கேட்க வேண்டும். ஆணையம் பார்ப்பது இரண்டே விஷயம்: டவர் நிற்கும் இடம், அதன் தோற்றம். 56 நாளுக்குள் முடிவு தெரிவிக்காவிட்டால் நிறுவனம் வேலையைத் தொடங்கிவிடலாம். அதனால் அறிவிப்பு கண்ணில் பட்டதுமே எழுதிவிடுங்கள், கடைசி வாரம் வரை வைத்திருக்க வேண்டாம்.

சரி, என்ன எழுதுவது? பலர் இங்கேதான் வாய்ப்பை வீணாக்குகிறார்கள். கதிர்வீச்சு பயம், 'எங்களுக்கு டவரே வேண்டாம்' என்ற வாதம் இரண்டும் எடுபடாது. சர்வதேச கதிர்வீச்சு வரம்புக்குள் இருக்கிறது என்று நிறுவனம் சான்று கொடுத்துவிட்டால், அதற்கு மேல் ஆணையம் போகக்கூடாது. டவர் தேவையா என்று கேட்கவும் அதற்கு உரிமையில்லை. தேசியத் திட்டமிடல் கொள்கை அப்படித்தான் சொல்கிறது.

ஆனால் அதே கொள்கைதான் ஊர்க்காரர் கையில் ஒரு நல்ல பிடியையும் தருகிறது. டவர்களின் எண்ணிக்கையைக் குறைவாகவே வைத்திருக்க வேண்டும்; பக்கத்தில் இருக்கும் டவரிலோ கட்டடத்திலோ ஆன்டெனாவைப் பொருத்த முடியுமா என்று தேடிப் பார்த்ததற்கான ஆதாரத்தை, புதிய டவர் கேட்கும் நிறுவனம் விண்ணப்பத்தோடு தர வேண்டும். அந்த ஆதாரத்தை வரி வரியாகப் படியுங்கள். ஒரு மைல் தள்ளி வேறு நிறுவனத்தின் டவர் நின்றால், அதை ஏன் பகிரவில்லை என்று கேளுங்கள். பகிர்வது நடக்காத காரியம் அல்ல. 2020இல் தொடங்கிய கிராமப்புறப் பகிர்வு வலையமைப்புத் திட்டத்தில் அரசுடன் நான்கு பெரிய நிறுவனங்களும் கைகோத்தன. என்னைக் கேட்டால், நிலக்காட்சியைக் காப்பதற்கு இதைவிடப் பயனுள்ள கேள்வி வேறில்லை. கட்டாத டவரை யாரும் மறைக்க வேண்டியதில்லை.

பகிர வழியே இல்லையென்றால் அடுத்தது இடமும் தோற்றமும். முகட்டின் மேல், வானத்துக்கு எதிரே நிற்பதைவிட, கொஞ்சம் கீழே மரங்கள் பின்னணியாக இருக்கும் இடம் நல்லது. நிறத்தையும் கேட்கலாம்: பின்னால் காடு என்றால் கரும்பச்சை, வானம் என்றால் வெளிர் சாம்பல். தரையில் வைக்கும் பெட்டிகளையும், அங்கே போக வெட்டும் பாதையையும் மறந்துவிடாதீர்கள்; சில சமயம் டவரைவிட அந்தப் பாதைதான் சரிவில் பெரிய வடுவாகத் தெரியும். தேசியப் பூங்கா என்றால் 2023ஆம் ஆண்டின் 'லெவலிங்-அப் அண்ட் ரீஜெனரேஷன்' சட்டத்தையும் குறிப்பிடுங்கள். பூங்காவின் இயற்கை அழகைப் பேணும் நோக்கத்தை முன்னெடுக்க முயல்வது இப்போது பொது அமைப்புகளின் கடமை.

அப்புறம், அதிகம் பேர் அறியாத ஒரு நிபந்தனை: இந்த ஆணையின் கீழ் நிறுத்திய டவர் தொலைத்தொடர்புக்குத் தேவைப்படாமல் போனால், அதை அகற்றி நிலத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். உங்கள் ஊரில் அப்படி ஒன்று சும்மா நின்றால், திட்ட ஆணையத்தின் அமலாக்கப் பிரிவுக்கு எழுதுங்கள்.