ப்ரொமோதோரா – நலத்தோழி

அமெரிக்காவில் வாழும் லத்தீன் அமெரிக்க வழிவந்த பெண்களுக்கான நீரிழிவுத் திட்டங்களைப் பற்றிப் படித்தால் ‘ப்ரொமோதோரா’ என்ற ஸ்பானியச் சொல் அடிக்கடி கண்ணில் படும். அக்கம்பக்கத்தாருக்கு அவர்கள் மொழியிலேயே உடல்நலம் பற்றிச் சொல்லித்தரும் உள்ளூர்ப் பெண்ணை அப்படி அழைப்பார்கள். முழுப்பெயர் ‘ப்ரொமோதோரா தே சலூத்’. சலூத் என்றால் உடல்நலம். ப்ரொமோதோராவின் வேர் லத்தீன் மொழியில் இருக்கிறது: ‘ப்ரோ’ என்றால் முன்னே, ‘மோவேரே’ என்றால் நகர்த்துதல். முன்னே நகர்த்துபவர். ஆண் என்றால் ப்ரொமோதோர், பெண் என்றால் ப்ரொமோதோரா.

வேரை மட்டும் பார்த்தால் தமிழில் ‘ஊக்குநர்’ என்று எழுதிவிடலாம். ஆனால் அவர் செய்யும் வேலை அந்தச் சொல்லுக்குள் அடங்காது.

மெக்சிகோ வழிவந்த ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். நீரிழிவுள்ள தாய்க்கு மருத்துவமனையில் கொடுத்த உணவுத் தாளில் ஓட்ஸும் சாலடும் இருக்கின்றன. வீட்டு அடுப்பிலோ, நம் தோசைக்கல் போன்ற ‘கொமால்’ மேல் தோர்த்தியா என்ற மக்காச்சோள ரொட்டி வேகிறது. பக்கத்தில் பன்றிக்கொழுப்பில் வதக்கி மசித்த பீன்ஸ். வீட்டாருக்கு ஒன்று, தனக்கு ஒன்று என்று எந்தத் தாய் தினமும் இரண்டு சமையல் செய்வார்? ப்ரொமோதோரா தோர்த்தியாவை விடச் சொல்வதில்லை. நான்கை இரண்டாக்கு, பீன்ஸைக் கொழுப்பில்லாமல் வேகவைத்து மசி, நொப்பாலைக் கூடச் சேர்த்துக்கொள் என்பார். நொப்பால் வேறொன்றுமில்லை, நம் ஊர் வேலியோரச் சப்பாத்திக்கள்ளியின் மடல்தான்.

பெரிய அதிர்ச்சியால்தான் சர்க்கரை நோய் வந்தது என்று அங்கே பலர் நம்புகிறார்கள். அந்த அதிர்ச்சியை ‘சுஸ்தோ’ என்பார்கள். இன்சுலின் போட்டால் கண் போய்விடும் என்ற பயமும் உண்டு. இதையெல்லாம் மருத்துவரிடம் சொல்லக் கூச்சப்படுகிறவர்கள் ப்ரொமோதோராவிடம் மனம்விட்டுச் சொல்வார்கள். அவர் அதே தெருக்காரர், அதே மொழிக்காரர். அந்த மொழியில் நோயின் பேச்சுவழக்குப் பெயர் ‘அசூகர்’, அதாவது சர்க்கரை. அசூகர், சர்க்கரை இரண்டுமே ‘சர்க்கரா’ என்ற வடசொல்லின் வழிவந்தவை. ஒன்று பாரசீகம், அரபு வழியாக ஸ்பெயின் போனது.

டெக்சாஸ் எல்லையோர ஸ்டார் கவுண்டியில் 256 மெக்சிகோ-அமெரிக்கர்களோடு நடந்த ஆய்வு 2002-இல் வெளியானது. இருமொழி தெரிந்த உள்ளூர்ச் செவிலியரும் உணவியலாளரும் சமூகப் பணியாளரும் ஓராண்டில் 52 மணி நேரம் சொல்லிக்கொடுத்தார்கள். ஆறாம் மாதத்தில், கற்றுக்கொண்டவர்களின் ஹெச்பிஏ1சி (இரண்டு மூன்று மாதச் சராசரி ரத்தச் சர்க்கரையைக் காட்டும் அளவு), வகுப்புக்குக் காத்திருந்தவர்களைவிட 1.4 சதவீதப் புள்ளி குறைவாக இருந்தது. மாத்திரையால் கிடைக்கும் பலனுக்குச் சமமான இறக்கம் இது.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘சுகாதாரப் பணியாளர்’ என்றால் அரசு ஊழியர் என்று தோன்றும். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு வீடாகப் போகும் பெண்களை ‘மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்’ என்கிறோம். பொருள் நெருங்கி வருகிறது, ஆனால் சொல் நீளம், உறவும் தொனிக்கவில்லை. அகப்பாடல்களில் தலைவி வாய்விட்டுச் சொல்ல முடியாததைத் தலைவனுக்கும் செவிலித்தாய்க்கும் எடுத்துச் சொல்பவள் தோழி. அங்கே சொன்னதைத் திரும்பவும் தலைவிக்குப் புரியும்படி கொண்டுவருபவளும் அவள்தான். அதனால் நான் ‘நலத்தோழி’ என்றே எழுதுகிறேன். ஆண் என்றால் நலத்தோழர்.